நெய்க்கு மசியாத பித்தப்பை

நான் வேலை பார்த்த சிவகாசி ஆஸ்பத்திரியில் இப்போது பித்தப்பைப் பரிசோதனைக்கு ஒரு பாக்கெட் வைத்திருக்கிறார்கள். கிழித்து, வெந்நீரில் கொட்டி, கலக்கி, நோயாளியின் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த, உணவியல் படித்த பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், இந்தப் பாக்கெட்ல எமல்சிஃபையர் இருக்குன்னு போட்டிருக்கு. அது கெடுதல்னு வீடியோவுல எல்லாம் சொல்றாங்களே. அதைப் போயி நோயாளிக்குக் குடுக்கலாமா?"

"அது இல்லாம குடுத்ததுனாலதான் ஒரு பட்டாசு முதலாளியோட பித்தப்பை போகப் பாத்துச்சு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஓய்வு பெற்றவள் பொழுது போகாமல் கதை விடுகிறாள் என்று நினைத்திருப்பாள். கதையில்லை என்பதற்காகவே எழுதுகிறேன்.

மதுரையில் மனையியல் படித்தேன். இட்லியை எடை போட்டது, எடை போட்ட இட்லியைத் தின்றது, இவை இரண்டைத் தவிர அந்த வருடங்களில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. வேலை கிடைத்ததும் டயட்டீஷியன் ஆகிவிட்டேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "டயரு கம்பெனியா, எந்த ஊருல?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நோயாளிகள் எனக்கு அவர்களாகவே 'சாப்பாட்டம்மா' என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறும் நாள் வரை அதுதான்.

எனக்கு மேலே இருந்தவர் ஸ்கேன் அறை டாக்டர் சற்குணம். மல்லாங்கிணறு பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். காலையில் வந்ததும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பிறகுதான் மெஷினைப் போடுவார். மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார். உறுப்புகளோடு பேசுவார். நோயாளியின் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும், திரையைப் பார்த்து, "வாங்க, கல்லீரலம்மா, சௌக்கியமா இருக்கீகளா?" என்பார். "கிட்னி அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, பின்னாடி இருக்கவுக தெரியல" என்பார். முதல்முறை வருபவர்கள் மிரண்டுபோவார்கள். இரண்டாம் முறை வரும்போது, "டாக்டர், எங்க கல்லீரலம்மா என்ன சொல்லுதாக?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பித்தப்பைப் பரிசோதனை எங்கள் இருவருக்கும் பொதுவான வேலை. பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்திருக்கும். நாம் சாப்பிட்ட கொழுப்பு இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் வந்ததும் பைக்குத் தகவல் போகும். பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குள் தள்ளும். அந்தப் பித்தநீர் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைத்துக் கொடுத்தால்தான் செரிமான நொதி அதன்மேல் வேலை செய்ய முடியும்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. நோயாளி வெறும் வயிற்றோடு வரவேண்டும். பை நிறைந்திருப்பதை டாக்டர் பார்த்து அளந்துகொள்வார். பிறகு நான் கொழுப்புச் சாப்பாடு கொடுப்பேன். வெண்ணெய் தடவிய ரொட்டி, அவித்த முட்டை, ஆடை நீக்காத பால். அரை மணி கழித்து ஒரு ஸ்கேன், ஒரு மணி கழித்து இன்னொன்று. பை நன்றாகச் சுருங்கியிருந்தால் நலம். அப்படியே கிடந்தால் கோளாறு.

கொழுப்பைச் சாப்பிடு என்று டாக்டரே சொல்லும் இடம் அந்தக் கட்டடத்தில் எங்கள் அறை ஒன்றுதான். அதனால் மரியாதை அதிகம். ரொட்டி எதற்கு என்று விருதுநகரிலிருந்து ஒருவர் எண்ணெய்ப் பரோட்டா பார்சலோடு வந்தார். அவர் முதல் ஸ்கேனுக்குப் படுத்திருந்த நேரத்தில் கூட வந்த மச்சான்மார் பார்சலைப் பிரித்துவிட்டார்கள். வெளியே வந்தவருக்குச் சால்னாவின் வாசனைதான் மிச்சம். "ஆறிப்போயிருமேன்னு பாத்தோம் மாப்ள" என்றார் மூத்த மச்சான். அந்த மனிதருக்குப் பித்தம் பொங்கியது எங்களுக்கு மெஷின் இல்லாமலே தெரிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தங்கவேல் முதலாளி வந்தார். எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை வைத்திருந்தவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. லோடு ஏற்ற வேண்டிய நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து ஆளைச் சாய்த்துவிட்டது. ஸ்கேனில் கல் இல்லை. அப்படியானால் பை வேலை செய்கிறதா என்று பார்க்கலாம் என்று எங்களிடம் அனுப்பினார்கள். அவர் மனைவி சொர்ணம் கூடவே வந்தார். முதலாளிக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து அவர் தட்டில் விழும் ஒவ்வொரு பருக்கையும் சொர்ணத்தம்மாவின் கண்ணைத் தாண்டித்தான் விழும் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

நான் தட்டை நீட்டினேன். சொர்ணத்தம்மா அதை ஒருமுறை பார்த்தார்.

"புரட்டாசியில முட்டை தர்றீகளே, சாப்பாட்டம்மா."

"முட்டை வேண்டாம்னா விடுங்க. வெண்ணெயக் கூட்டித் தர்றேன், பாலும் ரொட்டியும் இருக்கு."

"பாலு அவுகளுக்கு வாயு. ரொட்டியில முட்டை சேக்காகன்னு சொல்லுதாக. உங்களுக்குக் கொழுப்புதான வேணும்?" என்று பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தார். "வீட்டு நெய். எம்புட்டு வேணும்னு சொல்லுங்க."

டாக்டரிடம் கேட்டேன். "நாம கேக்குறது கொழுப்பு. நெய்யவிடக் கொழுப்பு எங்கன இருக்கு?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. தட்டில் இருந்த கொழுப்புக்குச் சமமாக நெய்யை அளந்து, உருக்கிக் கொடுத்தேன். முதலாளி சாமியைக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடி, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மடக்கில் குடித்தார். ஒரு டம்ளர் வெந்நீரும் குடித்தார்.

அரை மணி கழித்து டாக்டர் திரையைப் பார்த்துச் சொன்னார். "பித்தப்பை ஐயா, எந்திரிங்க. விருந்தாடி வந்திருக்காக."

ஐயா எழுந்திருக்கவில்லை. ஒரு மணி கழித்தும் நிறைந்த வயிற்றோடு படுத்தே கிடந்தார். அடுத்த வாரம் வரச்சொல்லி மறுபடி அதே நெய், அதே அளவு. அன்றும் அப்படித்தான். டாக்டர் தம் சர்வீசில் முதல்முறையாக ஓர் உறுப்பிடம் குரலை உயர்த்தியதை அன்று கேட்டேன்.

மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் வரும் அறுவை டாக்டர் படங்களைப் பார்த்தார். "வேலை செய்யாத பை. எடுத்துரலாம்" என்றார். அவருக்கு அது அடுப்படியில் பழைய டப்பாவை எடுத்துப் போடுவதுபோல. முதலாளிக்கு அப்படியில்லை. கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. சீசன் முடியட்டும் என்று கெஞ்சினார். சொர்ணத்தம்மா விடவில்லை. "வலியில சுருண்டு கிடக்கும்போது சீசன் வந்து கஞ்சி ஊத்துமாக்கும்" என்று நாள் குறித்துவிட்டார்.

சற்குணம் டாக்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "பாக்க நல்ல பை. சுவரு மெலிசா, அழகா இருக்காரு. இப்படி மரியாதை இல்லாம நடக்க வேண்டிய ஆளில்ல. கடைசியா ஒரு தடவை பாத்துருவோம்" என்றார்.

மூன்றாம் முறையும் நெய் குடித்தோம். குடித்தது முதலாளி என்றாலும், பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் குமட்டியது. டாக்டர், "சும்மா உக்காராதீக, கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்று அவரை அனுப்பினார். சொர்ணத்தம்மாவுக்கு மூட்டு வலி. வராந்தா பெஞ்சிலேயே இருந்துகொண்டார்.

முதலாளி திரும்பி வந்து படுத்தார். சொர்ணத்தம்மாவும் பெஞ்சிலிருந்து எழுந்து கூடவே உள்ளே வந்தார். டாக்டர் கருவியை வைத்தார். பக்கவாட்டில் நகர்த்தினார். மேலே நகர்த்தினார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பையைக் காணோம்" என்றார்.

அறையின் ஓரத்தில் நின்றிருந்த சொர்ணத்தம்மா கேட்டார். "காணோமா? ஆபரேசன் அடுத்த வாரம்லா?"

டாக்டர் மறுபடி கருவியை நகர்த்தினார். கொஞ்ச நேரத் தேடலுக்குப் பிறகு கல்லீரலின் மடிப்பில் அதைக் கண்டுபிடித்தார். சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. இதைவிட நன்றாக ஒரு பித்தப்பை வேலை செய்ய முடியாது.

டாக்டர் முதலாளியை நிதானமாகப் பார்த்தார். "நெய்யத் தவிர வேற ஏதும் சாப்பிட்டீகளா?"

முதலாளி இல்லை என்று தலையாட்டினார்.

"வாயத் திறந்து சொல்லுங்க."

"ம்ஹும்."

"நாக்க நீட்டுங்க பாப்போம்."

முதலாளி சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொர்ணத்தம்மாதான், "அவுகளுக்குக் காலையிலருந்து பல்லு வலி, டாக்டர். வாயத் தொறக்கச் சொல்லாதீக" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டு, தாமரை இலையில் பிரசாதம் வந்திருக்கிறது என்று ஏதோ உளறி, சொர்ணத்தம்மாவை என் அறைக்கு அழைத்துப் போனேன். பிரசாதம் என்று எதுவும் இல்லை. மேசையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். எந்தக் கோயில் என்று அவரும் கேட்கவில்லை.

நான் திரும்பிப் போனபோது முதலாளி கட்டிலில் உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். நாவல்பழம் தின்றது போல நாக்கு முழுக்கக் கருநீலம். ஆஸ்பத்திரிக்கு எதிரே புதிதாக ஓர் ஐஸ்கிரீம் கடை வந்திருந்தது.

"நெய்யக் குடிச்ச வாயி வழுவழுன்னு குமட்டிக்கிட்டே இருந்துச்சு டாக்டர். கடைப் பக்கமா நடந்தேன். கால் தானா உள்ள போயிருச்சு. ரெண்டு பெரிய கப்பு."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்ல? சர்க்கரை வந்தப்ப, குலசாமி முன்னால சூடத்த அணைச்சு அவகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன், இனிமே ஐஸ்கிரீம் தொடமாட்டேன்னு." அவர் குரல் இன்னும் மெலிந்தது. "பையை எடுத்தாலும் எடுங்க. இத மட்டும் அவகிட்டச் சொல்லீராதீக."

இத்தனை வருடத்தில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஓர் உறுப்பைக் கொடுக்க முன்வந்தவர் இவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததேயில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, வயிற்று அமிலத்துக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் பிழிந்து, நெய்யை ஊற்றச் சொன்னார். நெய் மேலே ஏறி மஞ்சளாகப் படலம் கட்டி நின்றது. இன்னொன்றில் உருகிய ஐஸ்கிரீமை ஊற்றிப் பழம் பிழிந்தோம். கொஞ்சம் திரிந்தது. ஆனால் கொழுப்பு தனியாகப் பிரிந்து மேலே வரவில்லை.

"இரைப்பையோட வாசல் கீழ இருக்கு. நெய் மேல மிதக்குது. தண்ணி மொதல்ல வெளிய போயிரும், நெய் கடைசியாத்தான் வரும்" என்றார் டாக்டர். "விருந்தாடி வந்திருக்காகன்னு நான்தான் கத்துனேன். அவுக இன்னும் தெருமுக்குலயே நிக்காக. வராத ஆளுக்கு அவரு எதுக்கு எந்திரிக்கணும்?"

"ஐஸ்கிரீம்ல கொழுப்பு கலந்து கிடக்கிறதால சீக்கிரம் போகுதா?"

"அப்படித்தான் தோணுது. ஆனா அதுல பாலும் சர்க்கரையும் வேற இருக்கு. எது எழுப்புச்சுன்னு தெரியாது. வேற எதையும் மாத்தாம பாக்கணும். அதே நெய், அதே அளவு."

குழாய் வழியே உணவு எடுக்கும் நோயாளிகளுக்காக என்னிடம் லெசித்தின் பொடி இருந்தது. சோயா எண்ணெய் எடுக்கும்போது கிடைப்பது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பால்மமாக்கி. பாக்கெட்டில் எமல்சிஃபையர் என்று போட்டிருக்கிறதே, அந்த வகைதான். முட்டையின் மஞ்சள் கருவிலும் அது உண்டு. எங்கள் வழக்கமான தட்டில் முட்டையும் பாலும் இருந்ததால் இத்தனை வருடம் இந்தச் சிக்கல் எங்கள் கண்ணில் படவில்லை. புரட்டாசியும் வீட்டு நெய்யும் சேர்ந்துதான் அதை வெளியே கொண்டுவந்தன.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இருவரையும் வரவழைத்தோம். சொர்ணத்தம்மா கொண்டுவந்த நெய்யை அவர் கண் முன்னாலேயே அளந்து, வெந்நீரும் லெசித்தினும் சேர்த்து மிக்சியில் ஓடவிட்டேன். நெய் வெள்ளை வெளேரென்று பால் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அதில் கொஞ்சம் ஒரு டம்ளரிலும், வெறும் நெய்யும் வெந்நீரும் இன்னொரு டம்ளரிலுமாக ஊற்றி, இரண்டிலும் எலுமிச்சை பிழிந்து மேசையில் வைத்தார். வெறும் நெய் மேலே மிதந்தது; வெள்ளை நெய் பொடிப்பொடித் துளியாகக் கலந்தே நின்றது.

முதலாளி அவற்றைக் குனிந்து பார்த்தார். முதல்முறையாக அவர் குரலில் முதலாளி தெரிந்தார்.

"இது எங்க தொழில்லா டாக்டர். கரியக் கட்டியா வச்சீகன்னா நின்னு புகையும். அதையே மாவா அரைச்சாச் சட்டுன்னு பிடிக்கும். நெருப்பு மேலாக்கதான பிடிக்கு, தூளாக்கினா மேல்பரப்பு கூடிருது."

"அதேதான்" என்றார் டாக்டர். அவர் ஒரு மனிதரோடு அவ்வளவு ஆர்வமாகப் பேசி நான் பார்த்ததில்லை. "துளி சின்னதா இருந்தா, நொதி வேலை பாக்க இடம் நிறைய. ஆனா எல்லாப் பால்மமாக்கியும் ஒரே மாதிரி இல்ல. சிலது துளியச் சுத்தி இறுக்கமா உக்காந்துக்கிட்டு நொதிய உள்ள விடாது. பித்தநீர் வந்து அதைத் தள்ளிவிடணும்."

"பூச்சுக் குடுக்க மாதிரி" என்றார் முதலாளி. "மேல பூச்சு இருந்தாப் பத்த நேரமாகும். வானத்துல போயி வெடிக்கதுக்கெல்லாம் அதான் வேணும்."

இன்றுவரை இந்த விஷயத்தை நான் யாருக்குச் சொன்னாலும் அந்த முதலாளி சொன்னபடிதான் சொல்கிறேன். எமல்சிஃபையர் என்பது நல்லது கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற சமாச்சாரம் இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாளி வெள்ளை நெய்யைக் குடித்தார். இந்த முறை அவர் நடக்கப் போகவில்லை. சொர்ணத்தம்மாவும் டாக்டரும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கைதியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி கழித்து ஸ்கேன். பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மறுபடியும் வற்றல்.

வலது கையில் கருவி இருந்ததால், டாக்டர் இடது கையை எடுத்துத் திரையைப் பார்த்துக் கும்பிட்ட மாதிரி நெற்றியில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கிடுங்க ஐயா. நாலு வார்த்தை கூடப் பேசிட்டேன்" என்றார். பித்தப்பையிடம்தான்.

அறுவை டாக்டருக்கு அவரே போன் செய்தார். "அவுக வேலை பாக்காக" என்று மட்டும் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் யார் எவர் என்று கேட்டிருக்க வேண்டும். "பித்தப்பை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பைக்கு அடுத்த இடத்தில் புண் இருந்தது. சீசன் நாட்களில் முதலாளி மாலை வரை டீயிலேயே ஓட்டியிருக்கிறார். மாத்திரை கொடுத்து, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னோம். தீபாவளிக்குள் வலி போய்விட்டது. அவருடைய பை இன்றும் அவரிடமே இருக்கிறது.

அதன்பிறகு முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஐஸ்கிரீம்தான் என்று டாக்டர் விதி போட்டார். வெனிலா மட்டும். மற்ற நிறங்கள் குடும்பத்தில் குழப்பம் உண்டாக்கும் என்று சொன்னார்.

கார்த்திகை மாதம் ஒருநாள் சொர்ணத்தம்மா தனியாக வந்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காக. நேரத்துக்குச் சாப்பிடுதாக." பிறகு, "அன்னைக்கு அவுக நாக்கு நாவப்பழம் மாதிரி இருந்துச்சே, எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீக?" என்றார்.

"அப்ப ஏன் பல்லு வலின்னு சொன்னீக?"

"நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அவுக சத்தியம் பொய்யாயிரும். ஒரு மனுசன எதுக்கு அப்படி நிக்க வைக்கணும்." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அவுகளுக்குச் சர்க்கரை வந்ததிலருந்து நான் வீட்டுல ஐஸ்கிரீம் வாங்கினதில்ல. கல்யாண வீட்டுல குடுத்தாலும் தொடுறதில்ல. அவுக ஏங்கிப் பாக்க, நான் எப்படித் திங்க? எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது. அவுகளப்போல கடைக்குள்ள போயித் தனியா உக்காந்து திங்கவும் எனக்குக் கூச்சமா இருக்கு."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்கன இப்ப டெஸ்டுக்கு ஐஸ்கிரீம் குடுக்கீகளாமே. எனக்கும் ஒரு டெஸ்டு எடுத்துருங்க. எந்தப் பக்கம் வலிக்குன்னு சொல்லணும்?"

பாதி திறந்திருந்த கதவுக்கு உள்ளே இருந்து சற்குணம் டாக்டரின் குரல் வந்தது.

"வலது பக்கம்மா. விலாவுக்குக் கீழ."